மடக்கிய விரல்

'ப' ஒலி எத்தனை முறை வருகிறது என்று விரலால் காட்டும் விளையாட்டு. படம் என்றால் ஒன்று. பம்பரம் என்றதும் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு விரலைத் தூக்கினார்கள். அவன் மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டான்.

"இன்னொன்று எங்கேடா?"

"அது வேறு, டீச்சர்."

"எது?"

"நடுவில் வருவது."

கிட்டே போய், அவன் மடக்கி வைத்திருந்த நடுவிரலை நானே நிமிர்த்திவிட்டேன். "இரண்டும் ஒரே 'ப'தான், கண்ணு." அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான் சொன்னதில் பிழையில்லை. எழுத்து ஒன்றுதானே? 2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து, கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கூட்டத்தை ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஓடுகிறேன். அரும்பில் இருப்பவனை முதலில் எழுத்துக் கூட்டி வாசிக்க வைக்க வேண்டும். நுணுக்கமெல்லாம் பிறகு.

அன்று இரவு பாத்திரம் கழுவும்போது பம்பரம், பம்பரம் என்று சொல்லிப் பார்த்தேன். ஈரக் கையைத் தொண்டையில் வைத்தேன். முதல் பகரத்துக்கு அதிர்வே இல்லை. மகரத்துக்கு மூடிய உதடு திறப்பதற்குள் குரல் ஓயாததால், நடுவில் வருவது அதிர்ந்துகொண்டே பிறக்கிறது. தங்கம், பஞ்சு, வண்டி, பந்து எல்லாம் அப்படித்தான். ங்க, ஞ்ச, ண்ட என்று இனவெழுத்துகளை இருபது ஆண்டுகளாக ராகம் போட்டு நடத்தியவள் நான். ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

அவன் வீட்டில் தெலுங்கு. ஓசூர்ப் பக்கத்தில் இது புதிதல்ல. தெலுங்கில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. பாட்டைக் குறிக்கும் சொல்லையும் பாதையைக் குறிக்கும் சொல்லையும் அது ஒன்றுதான் பிரிக்கிறது. அதனால்தான் அவனுக்குக் கேட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் பல், பஸ் என்று நம் பிள்ளைகளும் பிசகாமல் சொல்கிறார்களே, அவர்கள் வாயில் இருப்பது காதில் ஏன் இல்லை? எழுத்தைச் சொல்லிக்கொடுத்து நாம்தான் அடைத்துவிட்டோமோ?

நான் கேட்டது ஒலியை. எழுத்தை எண்ணச் சொல்லியிருந்தால் என் பக்கம் நியாயம் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அன்று வகுப்பைப் பார்வையிட வந்த ஆசிரியர் பயிற்றுநர் பின்னால் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாவிட்டால் "எப்படி வேறு?" என்று கேட்டிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் இந்த இருபது ஆண்டுகளில் யாரும் வந்து உட்காராத நாள்களே அதிகம். அன்றெல்லாம் ஒரு பிள்ளையும் ஒற்றை விரலைக் காட்டவில்லையா, காட்டியது என் கண்ணில் படவில்லையா?

"நன்றாகத்தானே படிக்கிறான், இதற்கா இவ்வளவு யோசனை?" என்கிறார் பக்கத்து வகுப்பு டீச்சர். உண்மைதான். மொட்டுக்கு வந்துவிட்டான். சொல்வதெழுதுதலில் பாம்பு, தும்பி எல்லாம் சரியாக எழுதுகிறான்.

போன வாரம் மறுபடி விரல் விளையாட்டு. "பாம்பு" என்றேன். பக்கத்துப் பையனின் கையை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவன் இரண்டு விரலைத் தூக்கினான்.

"சரி" என்றேன்.