ராத்திரிக்கு என்ன?

வாரத்துக்கான சாப்பாட்டுத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"வியாழன் ஏம்மா காலியா இருக்கு?"

வேண்டுமென்றே விட்டது. ஒரு நாளாவது மிச்சம் மீதியில் ஓட வேண்டும்.

ஏழு நாளுக்கும் புதுசு புதுசாக எழுதுகிற தாள் செவ்வாய்க்கிழமையே செல்லாமல் போய்விடும். அதனால் நான் உணவை எழுதுவதில்லை, காயைத்தான் வரிசைப்படுத்துகிறேன். கீரையும் காளானும் சீக்கிரம் வாடும். அவை திங்கள், செவ்வாய். கேரட்டும் முட்டைக்கோஸும் பொறுமைசாலிகள், வெள்ளி வரை காத்திருக்கும். வெட்டாத பூசணி அடுத்த வாரத்துக்கும் தாங்கும்.

கொண்டைக்கடலையை ஒரே நாளில் கூடுதலாக வேகவைத்து, பாதியை ஃப்ரீசரில் போட்டுவிடலாம்.

சோறு விஷயத்தில் மட்டும் நான் கறார். சமைத்த சோறு வெளியிலேயே மணிக்கணக்கில் கிடந்தால் அதில் ஒருவகை பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அகலமான தட்டில் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். மறுநாளே தீர்த்துவிடுவது நல்லது. ("முகர்ந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்பதெல்லாம் இங்கே எடுபடாது.)

சமைப்பதைவிட, வேலை முடிந்து களைத்து வந்த பிறகு என்ன சமைப்பது என்று யோசிப்பதுதான் ஆளைத் தின்கிறது. அந்த யோசனையும் பெரும்பாலும் வீட்டில் ஒரே ஆள் தலையில்தான் விழுகிறது.

அதனால் இந்த வாரம் தாளில் "யார் சமைப்பது" என்றும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். பெயர்களை அவரவரே எழுதிக்கொள்ளட்டும்.