பிறர் எடுத்த நேர்காணல்களை வைத்து ஆய்வு செய்த அனுபவம்

நீண்டகால நோயாளிகளை வீட்டில் பராமரிப்போர் பற்றிய என் ஆய்வுக்கு, வேறொரு குழு பல ஆண்டுகளுக்கு முன் எடுத்துத் தரவுக் காப்பகம் ஒன்றில் ஒப்படைத்திருந்த நேர்காணல்களையே பயன்படுத்துவதென்று முடிவு செய்தேன். ஏற்கெனவே ஓய்வில்லாதவர்களிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. புள்ளிவிவரத் தரவுகளின் மறுபயன்பாடு பழைய வழக்கம்தான். பிரிட்டனின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அதற்கான காப்பகம் 1967-இலேயே தொடங்கப்பட்டது. நேர்காணல் போன்ற, எண்களில் அடங்காத பண்புசார் தரவுகளுக்கென்று குவாலிடேட்டா என்ற அமைப்பு அங்கே உருவானது 1994-இல்தான்.

விண்ணப்பம் எளிதாக முடிந்தது. ஆய்வின் நோக்கத்தை எழுதிக் கொடுத்து, பேசியவர்களை அடையாளம் காண முயல மாட்டேன், கோப்புகளைப் பிறருக்குத் தர மாட்டேன் என்று கையொப்பமிட வேண்டியிருந்தது. இழுத்தடித்தது எங்கள் நெறிமுறைக் குழுதான். பொதுவில் கிடைக்கும் தரவுக்கு அனுமதி எதற்கு என்றார் ஓர் உறுப்பினர். பேசியவர்கள் எதற்கு ஒப்புதல் தந்தார்கள் என்று கேட்டார் இன்னொருவர். இரண்டாவது கேள்விதான் சரியானது. எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம் என்ற வரி மூல ஒப்புதல் படிவத்தில் இருந்ததால் அனுமதி கிடைத்தது.

எழுத்துப்படிகளை மட்டும் படித்தபோது ஒரு பெண்மணியின் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. மாமியாரைக் கவனிப்பதில் உள்ள சிரமங்களைப் பக்கக்கணக்கில் சொல்லி வந்தவர், திடீரென்று "எல்லாம் பழகிவிட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அதன்பின் எல்லாமே ஒற்றைவரிப் பதில்கள். அந்தப் பகுதிக்கு மனச்சமாதானம் என்று பொருள் சுட்டும் குறியீடு இடத்தான் தோன்றும். களக்குறிப்பைப் பிரித்தால், அந்த இடத்தில் கணவர் அறைக்குள் வந்து உட்கார்ந்ததாக நேர்காணல் எடுத்தவர் எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு, களக்குறிப்பும் கேள்வி வழிகாட்டியும் இல்லாத நேர்காணல்களை என் முதன்மைப் பகுப்பாய்வில் சேர்க்கவில்லை. எண்ணிக்கை குறைந்ததே என்று என் ஆய்வு நெறியாளர் முகம் சுளித்தாலும் இது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

பராமரிப்புச் செலவைப் பற்றி மூல ஆய்வாளர்கள் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. தாமாகவே பணத்தைப் பற்றிப் பேசியவர்கள் சிலர் இருந்தார்கள் என்றாலும், பேசாதவர்களின் மௌனத்துக்குப் பொருள் சொல்ல முடியாது என்பதால், அந்தக் கேள்வியையே கைவிட்டு, உதவியை யாரிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதை ஆய்வின் மையமாக்கினேன். ஆய்வேட்டை ஒப்படைத்தபின், என் குறியீட்டுப் பட்டியலையும் விலக்கிய நேர்காணல்களுக்கான காரணங்களையும் காப்பகத்துக்கே அனுப்பினேன். அத்தொகுப்பின் துணை ஆவணங்களில் அவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள்.