வால்வு, பம்பு, கருவி: ஒரு பேலட் நாட்குறிப்பு

2025 மார்ச் 3
குழாய் வரைபடங்களுக்கான பேலட், அதாவது இழுத்துப் போடும் வடிவங்களின் தொகுப்பு, ட்ரா.ஐஓ என்ற வரைபட மென்பொருளில். முதலில் அளவு. வடிவங்கள் ஒட்டும் பின்னணிக் கட்டம் இயல்பாக 10 பிக்சல். 30 உயர வால்வின் நடு 15-இல் விழும், 40 உயர பம்பின் நடு 20-இல். இரண்டையும் கட்டத்தோடு ஒட்டி எங்கே வைத்தாலும் நடுவே ஓடும் குழாய் 5 பிக்சல் மடிந்தே தீரும். ஆகவே அகலமும் உயரமும் 20-இன் மடங்கு மட்டுமே: வால்வு 40×20, பம்பு 40×40, கலன் 80×160.

மார்ச் 4
இரண்டு முக்கோணங்களைக் குரூப் செய்து வால்வு ஆக்குவது எளிது; ஆனால் குழாய்க்கோடு முழு வால்வில் ஒட்டாமல் ஏதோ ஒரு முக்கோணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரே வடிவமாக எழுதுவதுதான் சரி. அரேஞ்ச் மெனுவில் இன்சர்ட், அதில் ஷேப். வடிவத்தை உரையாக எழுதும் எக்ஸ்எம்எல் பெட்டி திறக்கும். இணைப்புப் புள்ளிகளுக்கு 0 முதல் 1 வரையான விகிதம், மேல் இடது மூலையிலிருந்து: வால்வுக்கு (0, 0.5), (1, 0.5) என இரண்டே போதும். மேலும் கீழும் புள்ளி வைத்தால் யாரோ ஒருவர் அங்கேயும் குழாயை மாட்டிவிடுவார். கோட்டின் தடிமனை 'இன்ஹெரிட்' (வரைபடத்தில் தேர்ந்த தடிமனையே எடுத்துக்கொள்) என்று விட வேண்டும். எண் கொடுத்துவிட்டால் பிறகு பார்மட் பலகையில் மாற்றினாலும் கேட்காது.

மார்ச் 6
வெளியிலிருந்து வந்த படக்குறியீடுகள். படமாக உட்கார்ந்தவை நிரப்பு நிறத்துக்கு மசியவில்லை. எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும்.

மார்ச் 7
ஃபைல் மெனுவில் நியூ லைப்ரரி. ஒரே பெரிய பேலட் வேண்டாம்: வால்வுகள், பம்புகள், கலன்கள், கருவிகள் என நான்கு. கருவிகள் ஐஎஸ்ஏ 5.1 என்ற கருவிக் குறியீட்டுத் தரத்தின்படி: வெறும் வட்டம் களத்தில் உள்ளது, நடுவே கோடு போட்ட வட்டம் கட்டுப்பாட்டு அறைப் பலகையில் உள்ளது. சிறிய படத்தில் அந்தக் கோடு கண்ணில் படாது, எனவே பெயர் கட்டாயம். பென்சில் குறியைத் தட்டி, படத்தின் கீழுள்ள இடத்தில் எழுதலாம். ஸ்க்ராட்ச்பேடில் (வடிவங்களைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் பெட்டி) எதையும் நிரந்தரமாக வைக்கக் கூடாது. உலாவியில் பயன்படுத்தும்போது அது உலாவியின் சேமிப்பில்தான் இருக்கிறது. தளத் தரவை அழித்தால் அதுவும் போகும்.

மார்ச் 11
செக் வால்வின் (ஒரே திசையில் மட்டும் ஓடவிடும் வால்வு) அம்பு திசை திருத்தம். பேலட்டில் மாற்றினால் ஏற்கெனவே வரைந்த படங்களில் மாறாது, ஏனென்றால் இழுத்துப் போட்டதெல்லாம் தனிப் பிரதி. ஒரே வடிவமாக எழுதியதன் பலன் இங்கேதான்: புதிய வால்வில் கன்ட்ரோல்+ஈ அழுத்தி வடிவமும் தோற்றமும் அடங்கிய ஸ்டைல் வரியை நகலெடுத்து, பழையவற்றை மொத்தமாகத் தேர்ந்து அதே பெட்டியில் ஒட்டினால் எல்லாம் ஒரே அடியில் மாறும். குரூப் செய்தவற்றுக்கு இது நடக்காது. ஒவ்வொன்றாக நீக்கி, குழாய்களைத் திரும்ப மாட்ட வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் வரைபட மென்பொருளான விசியோவில் கதை சற்று வேறு. பேலட்டுக்கு அங்கே ஸ்டென்சில் என்று பெயர், அதிலுள்ள மூல வடிவத்துக்கு மாஸ்டர். இழுத்துப் போட்டதும் மாஸ்டரின் நகல் அந்தக் கோப்பின் டாக்குமென்ட் ஸ்டென்சிலுக்குள் போய்விடும். அந்த நகலைத் திருத்தினால் கோப்பில் உள்ளவை மாறும். வெளியே இருக்கும் ஸ்டென்சிலைத் திருத்தினால் மாறாது.

மார்ச் 12
கோப்புப் பெயரில் பதிப்பு எண், வால்வுகள்-2 என்று. வரைபடத்தின் தலைப்புக் கட்டத்திலும் அதே எண். அம்பு தவறான பழைய படங்களைத் தேடிப் பிடிக்க வேறு வழியில்லை.