ஒரே விளையாட்டு, வகுப்புக்கு ஒரு கேள்வி

ஆறாம் வகுப்புக் கணக்கு, பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.ஏ. பொருளியல், பி.எட். என்று பல இடங்களில் விளையாட்டை வைத்துப் பாடம் எடுத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் எந்த வகுப்புக்கு எந்த விளையாட்டு என்றுதான் கேட்கிறார்கள். நான் சொல்வது: விளையாட்டு அப்படியே இருக்கட்டும், கேள்வியை மாற்றுங்கள்.

21 புளியங்கொட்டை போதும். இருவர் மாறி மாறி ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவர் ஜெயித்தார். ஆறாம் வகுப்பில் எதையும் விளக்காமல் ஆட விடுங்கள். சில ஆட்டங்களுக்குள் யாராவது ஒரு பெண் "நாலு மிச்சம் இருக்கும்போது என் முறை வந்தா தோத்துடுவேன் டீச்சர்" என்பாள். அப்புறம் எட்டு, பன்னிரண்டு என்று அவர்களே பின்னால் போவார்கள். கரும்பலகைப் பக்கம் போக வேண்டிய நேரம் அதுதான். 21-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. முதலில் ஆடுபவர் அந்த ஒன்றை எடுத்துவிட்டால் ஆட்டம் அவர் கையில். இதை நாமே முந்திக்கொண்டு சொன்னால் பிள்ளைகளுக்குக் கண்டுபிடிக்க எதுவும் இருக்காது.

கல்லூரியில் அதே கொட்டைகளில் பன்னிரண்டை எடுத்து 3, 4, 5 என மூன்று குவியலாக வைப்பேன். ஒரு முறைக்கு ஏதாவது ஒரு குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம்; இங்கும் கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கே வெற்றி. நிம் என்ற இந்த ஆட்டத்துக்கு 1901-இலேயே சார்லஸ் பூட்டன் முழுத் தீர்வு எழுதிவிட்டார். குவியல்களை இரும எண்ணில் 011, 100, 101 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு நிரலிலும் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நடு நிரலில் மட்டும் ஒற்றைப்படை. மூன்று உள்ள குவியலில் இரண்டை எடுத்தால் எல்லா நிரலும் இரட்டைப்படை ஆகும். எதிராளி எதை எடுத்தாலும் அது கலையும், நாம் மறுபடி சரிசெய்யலாம். எக்ஸ்-ஆர் (இரண்டு இலக்கமும் வேறானால் 1, ஒன்றேயானால் 0 தரும் கணினிக் கணக்கு) அட்டவணையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த மாணவர்கள், இது அதே கணக்குதான் என்று பிடிபடும்போது நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

பொருளியலுக்கும் கொட்டைதான். நால்வருக்கு ஆளுக்குப் பத்து. விரும்பியதை ரகசியமாகப் பொதுக் கிண்ணத்தில் போடலாம். சேர்ந்ததை இரட்டிப்பாக்கி நான்காகப் பங்கிடுவோம். எல்லோரும் பத்தும் போட்டால் ஆளுக்கு இருபது. மூவர் போட்டு ஒருவர் போடாவிட்டால், போட்டவர்களுக்குப் பதினைந்து, போடாதவருக்கு இருபத்தைந்து. அடுத்தடுத்த சுற்றுகளில் கிண்ணத்தில் விழுவது குறைய ஆரம்பித்தால், பேச்சு தானாக ஏரி மராமத்துக்கும் வரி ஏய்ப்புக்கும் போய்விடும்.

45 நிமிட வகுப்பில் ஆட்டத்தை 20 நிமிடத்தில் நிறுத்துங்கள், பாதியில் இருந்தாலும் சரி. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. விதி சொல்ல ஏழெட்டு நிமிடம், மீதி முழுக்கப் பேச்சு. "எந்த இடத்தில் முடிவை மாற்றினாய், ஏன்?" என்று கேளுங்கள். மணி அடிக்கும் வரை ஆட விட்டால் உற்சாகம் மிஞ்சும், பாடம் மிஞ்சாது. எண்ணிக்கை ஒற்றைப்படையாகி ஒரு பிள்ளை தனியாக நின்றால், நகர்வுகளைக் குறித்துக்கொள்ளும் வேலையை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். பேச்சு தொடங்கும்போது அந்தக் குறிப்புதான் எல்லோருக்கும் தேவைப்படும்.

ஜெயித்ததற்கு மதிப்பெண் கொடுக்கவே கூடாது. முன்பே ஆடிப் பழகிய பிள்ளைக்கு அது இலவச மதிப்பெண், புதிதாக வந்த பிள்ளைக்குத் தண்டனை. நான் ஆடுபுலி ஆட்டத்தை வைத்து மதிப்பிடுவேன். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஒரே ஒரு விதியை மாற்ற வேண்டும், ஆட்டை 12 ஆக்குவது போல. யாருக்குச் சாதகம் என்று ஆடும் முன்பே எழுதித் தர வேண்டும். பிறகு ஆடிப் பார்த்து, கணிப்பு எங்கே பொருந்தியது, எங்கே தவறியது, ஏன் என்று இரண்டு பக்கம். மதிப்பெண் அந்த 'ஏன்'-க்குத்தான். கணிப்பு தப்பினாலும் முழு மதிப்பெண் வாங்கலாம்.

இந்த ஆட்டத்தின் விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எத்தனை ஆட்டை வெட்டினால் புலிக்கு வெற்றி என்று வகுப்பில் சண்டையே வரும். தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். பி.எட். மாணவர்களிடம் அவரவர் ஊர் விதியை எழுதி, விளையாடத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நிற்கச் சொல்வேன். எந்த வரியில் அவர் தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும். கரும்பலகையில் அறிவுறுத்தல் எழுதப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.