பிரம்புக்குப் பதிலா என்ன?

2016இல் வெளியான ஒரு ஆய்வு. கலிபோர்னியாவில ஐந்து பாடசாலைகள், 31 கணித ஆசிரியர்கள். அவங்கள்ல ஒரு பகுதிக்கு, குழப்படி செய்ற பிள்ளையின்ர பக்கத்தை விளங்கிக்கொள்றது பற்றி இணையவழியில சின்னப் பயிற்சி. அவங்களிட்ட படிச்ச பிள்ளைகள்ல அந்த வருசம் தண்டனையா வகுப்புக்கு வராம இடைநிறுத்தப்பட்டது 4.8 வீதம், மற்ற ஆசிரியர்களிட்ட 9.6 வீதம். பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியும் குடுக்கல்ல!

மட்டக்களப்பு வாகரைப் பக்கம் படிப்பிக்கிற எனக்கு இது நல்லா விளங்குது. முதலாம் பாடத்திலயே மேசையில தலைவச்சுப் படுக்கிற பொடியனை வெளியில நிப்பாட்டுறது லேசு. கிட்டப்போய் "ஏன் மனே, ராவு நித்திரை இல்லையா?" எண்டு கேட்டாத்தான், விடியமுதல் மாமாவோட கரைவலை இழுக்கப் போனது தெரியவரும். உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தடம். தாய் குவைத்தில.

உடல்தண்டனை கூடாதெண்டு கல்வி அமைச்சின்ர 12/2016 சுற்றுநிருபம் இருக்கு. சரியான முடிவுதான். ஆனா நிறைஞ்ச வகுப்பில தனிய நிக்கிற ஆசிரியருக்கு, பிரம்புக்குப் பதிலா என்ன செய்யலாமெண்டு ஆர் சொல்லிக்குடுக்கிற? கல்வி வலயத்தில ஆசிரியர்களுக்கு நடக்கிற செயலமர்வுகள்ல இதுக்கும் ஒரு அரைநாள் ஒதுக்குங்க. மனசாரக் கேக்கிறன்.