குலுக்காத ஐஸ் பேக்

"அண்ணைக்கி மருந்தில்ல, பிள்ள போச்சு. இண்ணைக்கி பெட்டி நெறைய மருந்து இருக்கு, இல்லேங்கிய. என்னதான் மாறிச்சு மக்ளே?"

பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில், பத்து வாரப் பேரனைத் தடுப்பூசிக்குத் தூக்கிவந்த பாட்டி, ஊசி போடப் போன என்னிடம் கேட்டது. "கெட்டுப்போன மருந்தைப் போடாம இருக்கோம்லா பாட்டி, அதான் மாறிச்சு" என்றேன். தப்பான பதில் இல்லை. பிறகு ஏன் உறுத்துகிறது?

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை வெளியே வைத்து, மேலே வியர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் மருந்துப் பெட்டிக்குள் நாலு பேக் போகும். அன்று படகைப் பிடிக்கிற அவசரத்தில் குலுக்கவில்லை. அக்கரையில் திறந்தால் இரண்டு பேக் இன்னும் கல்லு. அதை ஒட்டிக் கிடந்தன, ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் குப்பிகள். போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் கெடாது, சூடுதான் ஆகாது. பென்டா உறைந்தால் அதிலுள்ள அலுமினிய உப்பு திரண்டு வீரியம் போய்விடும். குப்பியில் ஒட்டியிருக்கும் வி.வி.எம். என்ற நிறம் மாறும் சதுரம் மருந்து பட்ட சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. சொட்டு மட்டும் கொடுத்து அனுப்பியாயிற்று.

மருந்து உறைந்ததா என்று பார்க்க, அதே பேட்ச் குப்பி ஒன்றை ராத்திரி முழுக்க உறையவைத்து, மறுநாள் உருகியதும் சந்தேகக் குப்பிகளோடு சேர்த்துக் குலுக்கி மேசையில் வைத்தோம். உறையவைத்தது அரைமணி நேரத்துக்குள் திரிதிரியாக அடியில் தங்கிவிட்டது. மற்றவை, உறையாத மருந்து நிற்கிற மாதிரி, கலங்கலாகவே நின்றன. நல்ல மருந்துதான்!

அப்படியானால் பாட்டியைச் சும்மா திருப்பி அனுப்பியிருக்கிறோம். சந்தேகம் என்றால் போடக்கூடாது, அதுதான் முறை. இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஆனால் சந்தேகத்தை உண்டாக்கியது யார்?

இந்தியாவில் 1971-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன, 2020-ல் 28. பாட்டியிடம் சொல்லியிருக்கலாம். தடுப்பூசி மட்டும் செய்த வேலை இல்லை அது, உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் சேர்ந்தது. இனியும் குறையும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் முத்தடுப்பு மருந்தின் மூன்று தவணையும் பெற்ற குழந்தைகள் உலக அளவில் 2019-ல் 86 சதவீதம், 2021-ல் 81. கொரோனாவில் மருந்து செய்கிற வித்தை யாருக்கும் மறந்துபோகவில்லை. ஊசி போடுகிற புதன்கிழமைகள்தான் விட்டுப்போயின.

அடுத்த முறை ஊசி போட்டாயிற்று. பாட்டி வரவில்லை, மருமகள்தான் தூக்கி வந்தாள். பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணமாக 'மருந்து சந்தேகம்' என்று எழுதியிருக்கிறேன். ஐஸ் பேக் குலுக்கவில்லை என்று எழுதவில்லை.