தொப்பி அணிந்த பெண்

காலையிலிருந்து ஒரே ஓவியத்தைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1905-இல் தன் மனைவி அமெலியை வரைந்தது. நெற்றியிலும் மூக்கிலும் பச்சை, கழுத்தில் செம்மஞ்சள். தலையில் பழக்கூடையைக் கவிழ்த்தது மாதிரி ஒரு தொப்பி!

அந்த ஆண்டு பாரிஸ் இலையுதிர்காலக் கண்காட்சியில் இதைப் பார்த்துச் சிரித்தார்களாம். அந்த அறையில் இருந்த ஓவியர்களை ஒரு விமர்சகர் 'ஃபாவ்', அதாவது 'காட்டு விலங்குகள்' என்று எழுதப்போய், அவர்கள் ஓவியப் பாணிக்கு ஃபாவிசம் என்ற பெயரே அதிலிருந்து நிலைத்துவிட்டது. கடைசியில் அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் குடும்பத்தார் 500 ஃபிராங்குக்கு வாங்கினார்கள். இப்போது சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறது.

எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்னால் அந்தத் தொப்பியைத் தாண்ட முடியவில்லை. அமெலி பாரிஸில் தொப்பிக் கடை வைத்திருந்தவர். படம் விற்காத வருஷங்களில் அந்த வருமானம்தான் வீட்டைத் தாங்கியது. அவர் கைத்தொழில்தானே அங்கே தலைமேல் பூத்து நிற்கிறது?

அதன்கீழே அந்தக் கண்கள். தோளைத் திருப்பி நேராக நம்மைப் பார்க்கிறார். அத்தனை வண்ணத்துக்கு நடுவே, களைத்துப்போன பார்வை. அதைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.